ஜோ லூயிஸ், மார்சியானோ எல்லாம் இன்னைக்கு ஃபியூரி, உசிக் முன்னாடி நிப்பாங்களா?

மதுரை_லெஃப்ட்ஹூக்:
பாக்ஸிங் தொடர்ந்து பாக்குறவங்க யாராச்சும் இதுக்கு ஒரு பதில் சொல்லுங்கப்பா. என் ரூம்மேட் ஒருத்தன் இருக்கான், அவன் பாக்ஸிங் பாக்க ஆரம்பிச்சதே 2024ல ஜேக் பால் - டைசன் ஃபைட்லதான், ஆனா பேச்சு மட்டும் நாப்பது வருஷமா ரிங் ஓரத்துல உக்காந்திருந்தவன் மாதிரி. அவன் சொல்றான் பழைய சாம்பியனுங்க எல்லாம் வெறும் பேருதான், ஜோ லூயிஸ் கிட்டத்தட்ட 12 வருஷம் சாம்பியனா இருந்து 25 தடவை டைட்டிலை காப்பாத்துனாருன்னா அது எதிர்ல ஆளே இல்லாத காலம், மார்சியானோ 49-0, ஒரு ஃபைட் கூட தோக்கலன்னாலும் அதே கதைதான், இவங்கள கொண்டாந்து நம்ம காலத்து சாம்பியனுங்க ஃபியூரி முன்னாடியோ உசிக் முன்னாடியோ விட்டா ரெண்டு ரவுண்டு தாங்காதுன்னு. அதுக்கு அவன் குடுக்குற ஆதாரம் ஓட்டப்பந்தயம். 1936ல ஜெஸ்ஸி ஓவன்ஸ் பெர்லின்ல 100 மீட்டர் ஓடுனது 10.3 செகண்டு, 2009ல போல்ட் ஓடுனது 9.58, எல்லா விளையாட்டும் முன்னேறும்போது பாக்ஸிங் மட்டும் அப்படியே நின்னுருச்சான்னு கேக்குறான். எனக்கு சட்டுனு பதில் வரல. எங்கயோ இடிக்குது, ஆனா எங்கன்னு சொல்லத் தெரியல. முக்கியமா ஹெவிவெயிட் (எடை உச்சவரம்பு இல்லாத பெரிய ஆளுங்க பிரிவு) பத்தி சொல்லுங்க. "லெஜண்டு லெஜண்டுதான்"னு மட்டும் யாரும் போட்டுட்டு போயிராதீங்க.

கிலோ_கணக்கு:
உங்க ரூம்மேட் சொல்றதுல முக்காவாசி சரி ப்ரோ. உணர்ச்சிவசப்படாம உடம்பை மட்டும் பாருங்க. மார்சியானோ 5 அடி 10 இஞ்ச் சொச்சம், சாம்பியனா இருந்தப்ப வெயிட் 84, 85 கிலோ, ரீச் (ரெண்டு கையும் விரிச்சா வர்ற நீளம்) 68 இஞ்ச். ஃபியூரி 6 அடி 9, ரீச் 85 இஞ்ச். ரெண்டு கை விரிப்புலயே கிட்டத்தட்ட ஒன்றரை அடி வித்தியாசம், இதுல மார்சியானோ உள்ள போறதுக்குள்ள எத்தனை ஜாப் (முன்னாடி நிக்கிற கையால நேரா விடுற குத்து) வாங்கணும்னு யோசிங்க. இன்னைக்கு ரூல்படி அவரு ஹெவிவெயிட்டே கிடையாது, அதுக்கு கீழ இருக்குற க்ரூஸர்வெயிட் பிரிவு லிமிட்டே 90.7 கிலோ, அதுக்குள்ளயே அவரு சின்ன ஆளு. ரெண்டாவது விஷயம், ஆளுங்க எங்கருந்து வர்றாங்கன்றது. அந்தக் காலத்துல ப்ரொஃபஷனல் ஹெவிவெயிட்னா பெரும்பாலும் அமெரிக்கா, கொஞ்சம் ஐரோப்பா. சோவியத் ஆளுங்க ப்ரொஃபஷனலா ஆட வரவே இல்ல. இன்னைக்கு உக்ரைன், கசகஸ்தான், உஸ்பெகிஸ்தான்னு எங்கெங்கிருந்தோ வர்றாங்க, அதுவும் ஒவ்வொருத்தனும் நூத்துக்கணக்குல அமெச்சூர் ஃபைட் ஆடிட்டு வர்றான். அதோட அப்ப நல்ல ஆளுங்களையே ஆட விடாம வெச்சிருந்தாங்க. ஹாரி வில்ஸ் கறுப்பினத்தவர்ன்ற ஒரே காரணத்துக்காக அப்ப சாம்பியனா இருந்த டெம்ப்ஸி கூட கடைசி வரைக்கும் ஃபைட் கிடைக்கல. பாதிப் பேரை கதவுக்கு வெளிய நிக்க வெச்சுட்டு உள்ள ஜெயிச்சவனை உலக சாம்பியன்னு சொன்ன காலம் அது.

பழைய_ரீல்:
கிலோ தம்பி, கதவு சாத்துன விஷயம் முழுக்க உண்மை. அந்தக் கதவை உடைச்சு உள்ள வந்த ஜாக் ஜான்சனே சாம்பியன் ஆனதுக்கப்புறம் சாம் லாங்ஃபோர்டுன்ற இன்னொரு கறுப்பின பாக்ஸருக்கு டைட்டில் ஃபைட் குடுக்கல, அதுதான் இன்னும் வயித்தெரிச்சல். ஆனா உடம்பை வெச்சு மட்டும் ஃபைட்டை முடிவு பண்ணா எப்படி? 1919 ஜூலை 4, டொலிடோ. அப்ப சாம்பியன் ஜெஸ் வில்லர்டு 6 அடி 6 இஞ்ச், 111 கிலோ. டெம்ப்ஸி 85 கிலோ. முதல் ரவுண்டுலயே வில்லர்டு 7 தடவை கீழ விழுந்தாரு. 1935ல லூயிஸ் 89 கிலோ, ப்ரிமோ கார்னேரா 118 கிலோ, ஆறாவது ரவுண்டுல லூயிஸ் முடிச்சாரு. பழசு வேணாம்னா இப்ப நடந்ததையே எடுங்க. 2024 டிசம்பர்ல ரியாத்ல ஃபியூரி 281 பவுண்டு, உசிக் 226 பவுண்டு, அதாவது 25 கிலோ வித்தியாசம். ஜெயிச்சது யாரு? உசிக். அதுவும் அந்த வருஷத்துல ரெண்டாவது தடவையா. அவரு 2018 வரைக்கும் க்ரூஸர்வெயிட்டுல இருந்த ஆளு.

இன்னொண்ணு, ஓட்டப்பந்தயத்தை இதோட சேக்குறதே தப்பு. ஓவன்ஸ் ஓடுனது கரித்தூள் ட்ராக்ல, ஸ்டார்ட்டிங் ப்ளாக் கூட இல்லாம குழி தோண்டி கால் வெச்சு ஓடுனாங்க. சரி அதையும் விடுங்க, அங்க கடிகாரம் இருக்கு. இங்க எதிர்ல ஒருத்தன் இருக்கான், அவன் நம்மளை ஓட விடமாட்டான்.

தூத்துக்குடி_தம்பி:
ப்ரைம் டைசன் எல்லாரையும் முதல் ரவுண்டுல முடிச்சிருவாரு. த்ரெட்டை மூடுங்க.

கிலோ_கணக்கு:
வந்துட்டாருய்யா. எந்த பாக்ஸிங் த்ரெட்டா இருந்தாலும் பத்து போஸ்ட்டுக்குள்ள ஒரு ப்ரைம் டைசன் வந்தே தீரும்.
@பழைய_ரீல் அண்ணே, வில்லர்டுக்கு அப்ப 37 வயசு, அதுக்கு முன்னாடி மூணு வருஷமா அவரு ஒரு டைட்டில் ஃபைட் கூட ஆடல. கார்னேராவுக்கு உயரம் இருந்துச்சே தவிர பாக்ஸிங் இருந்துச்சா? அவங்களை ஃபியூரியோட சேத்து பேசலாமா? ஃபியூரி அந்த சைஸ்ல நகர்றான், ஏமாத்துறான், இடதுகை வலதுகை ஸ்டான்ஸ் மாத்துறான். பெரிய உடம்பு அப்பவும் இருந்துச்சு, பெரிய உடம்போட வேலையும் தெரிஞ்ச ஆளு அப்ப இல்ல.

ராயபுரம்_கோச்:
நான் கொஞ்ச காலமா பசங்களுக்கு சொல்லிக் குடுக்குறவன், அதனால நீளமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்குங்க.

ரெண்டு பேரும் ஆளுங்களைப் பத்தியே பேசுறீங்க, ரூலைப் பத்தி யாரும் வாயே திறக்கல. கேள்வி கேட்ட தம்பி, உன் ரூம்மேட்கிட்ட முதல்ல இதைக் கேளு. ஃபைட் எத்தனை ரவுண்டு? இன்னைக்கு உலக டைட்டில் 12 ரவுண்டு. லூயிஸ், மார்சியானோ ஆடுனது 15. 1982 நவம்பர்ல கொரியாக்காரரு டுக் கூ கிம், ரே மன்சீனி கூட ஆடி 14வது ரவுண்டுல விழுந்து அப்புறம் இறந்து போனாரு, அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு அமைப்பா 12க்கு குறைச்சாங்க. மூணு ரவுண்டுல என்ன பெருசா வந்துரப்போகுதுன்னு தோணும். இதைக் கேளு. 1941 ஜூன் 18, நியூயார்க் போலோ க்ரவுண்ட்ஸ், லூயிஸும் பில்லி கானும். கான் லைட் ஹெவிவெயிட்ல இருந்து ஏறி வந்தவரு, 79 கிலோன்னு அறிவிச்சாங்க, அதைவிடக் கம்மிதான்னும் ஒரு பேச்சு உண்டு. 12 ரவுண்டு முடிஞ்சப்ப ஸ்கோர் போடுற மூணு பேர்ல ரெண்டு பேர் ஸ்கோர்ல கான் முன்னாடி, மூணாவது ஆளோடதுல சமம். 13வது ரவுண்டு முடிய ரெண்டே செகண்டு இருக்கும்போது லூயிஸ் நாக்அவுட் பண்ணிட்டாரு. இன்னைக்கு ரூல்படி அந்த ராத்திரியே லூயிஸ் டைட்டில் போயிருக்கும், 25 தடவைன்ற ரெக்கார்டே கிடையாது.

அடுத்து 1952 செப்டம்பர், ஃபிலடெல்ஃபியா. மார்சியானோ சேலஞ்சர், ஜெர்சி ஜோ வால்காட் சாம்பியன். முதல் ரவுண்டுலயே மார்சியானோ கீழ விழுந்து எழுந்தாரு. 12 ரவுண்டு முடிவுல மூணு ஸ்கோர்கார்டுலயும் மார்சியானோ பின்னாடி. 13வது ரவுண்டுல ஒரே ஒரு வலதுகை, வால்காட் கயித்துல தொங்கிட்டாரு. இன்னைக்கு ரூல்னா 49-0ன்னு ஒரு நம்பரே பிறந்திருக்காது, 2017ல மேவெதர் 50-0ன்னு தாண்டுறதுக்கும் எதுவும் இருந்திருக்காது.

ஆக நீங்க பெரிய ஆளுன்னு சொல்ற ரெண்டு பேருமே 13வது ரவுண்டுல பொழச்சவங்க. இதை அவங்க மட்டம்னு சொல்ல வரல. 15 ரவுண்டு ஆடுறவன் 12 ரவுண்டு ஆடுறவனை விட வேற மாதிரி மூச்சை செலவு பண்ணுவான், ஆரம்பத்துல எதிராளிய வயித்துல அடிச்சு வெச்சுட்டு கடைசியில வட்டியோட வசூல் பண்ணுவான். மார்சியானோ ஆட்டமே அதுதான். கையத் தூக்கி முகத்தை மறைச்சு நிக்குறவனோட கையவே அடிப்பாரு, தோளை அடிப்பாரு, பத்து ரவுண்டுக்கு மேல எதிராளிக்கு கை தூக்க வராது. அந்த ஸ்டைலை 12 ரவுண்டுல, கிளின்ச் (ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு ஒட்டிக்கிறது) வந்தவுடனே பிரிச்சு விடுற இன்னைக்கு ரெஃப்ரிகிட்ட ஆடுனா பாதி பலம் போச்சு. அப்ப உள்ள ஒட்டி நின்னு ஆடுறதை ரெஃப்ரி ஆட விடுவாரு.

இப்ப என் கணக்கு. மார்சியானோ - ஃபியூரி, ஃபியூரிதான், அதுல கிலோ தம்பி சொல்றது சரி. லூயிஸ் வேற. லூயிஸோட குத்து குட்டையா வரும், ஆறு இஞ்ச் தூரத்துல இருந்து முழு வெயிட்டும் இறங்கும், ஜாக் பிளாக்பர்ன் சொல்லிக் குடுத்த பாலன்ஸ் அது, கால் ரெண்டும் எப்பவும் அடிக்கத் தயாரா இருக்கும். ஃபியூரிய 2013ல ஸ்டீவ் கன்னிங்ஹாம்னு ஒரு பழைய க்ரூஸர்வெயிட் சாம்பியன் ரெண்டாவது ரவுண்டுல மல்லாக்க விழ வெச்சாரு, கன்னிங்ஹாம் வெயிட் 95 கிலோ. லூயிஸ் அப்படி விழ வெச்சா எழுந்திரிக்க விட்டிருப்பாரான்னு எனக்கு சந்தேகம், விழுந்தவனை முடிக்கிறதுல அவரை மிஞ்சி ஆளே கிடையாது. ஆனா அதே கன்னிங்ஹாம் ஃபைட்ல அடுத்து என்ன நடந்துச்சுன்னும் பாரு. ஃபியூரி மேல சாஞ்சு சாஞ்சு, 115 கிலோவை அவரு கழுத்துல தொங்கவிட்டு ஏழாவது ரவுண்டுல முடிச்சாரு. இந்த சாயுற வித்தை லூயிஸ் காலத்துல யாருக்கும் இந்த அளவுக்கு கைவரல. இமானுவேல் ஸ்டூவர்ட் கையில லென்னாக்ஸ் லூயிஸும் அப்புறம் விளாடிமிர் கிளிட்ச்கோவும் ஜாப், பிடி, சாய்னு இதை ஒரு பாடமாவே ஆக்குனாங்க. அதனால ஃபியூரி கூட லூயிஸுக்கு முதல் அஞ்சு ரவுண்டுதான் நேரம். இந்தக் காலத்து வைல்டர் மாதிரி ஆளுன்னா லூயிஸ் மூணு ரவுண்டுல முடிச்சிருவாரு, வைல்டருக்கு வலதுகைய விட்டா வேற சொத்து இல்ல.

உசிக் கூடன்னா எனக்கு உசிக்தான். அவரு சவுத்பா, அதாவது வலதுகைய முன்னாடி வெச்சு நிக்குற இடதுகைக்காரரு. அந்தக் காலத்துல இடதுகை பசங்களை கோச்சுங்களே வலதுகை ஸ்டான்ஸுக்கு மாத்தி விட்டுருவாங்க, ஹெவிவெயிட்ல முதல் சவுத்பா சாம்பியனே 1994ல மைக்கேல் மூரர்தான். லூயிஸுக்கு ஜாப் போட்டதும் இடதுகை கொஞ்சம் கீழ இறங்கும். 1936ல ஜெர்மன்காரரு ஷ்மெலிங் அதை ஃபிலிம் போட்டுப் பாத்து கண்டுபிடிச்சு, அதுக்கு மேல வலதுகைய விட்டு விட்டுத்தான் 12வது ரவுண்டுல லூயிஸை சாய்ச்சாரு. உசிக் கண்ணுல அது மூணாவது ரவுண்டுக்குள்ள பட்டுரும்.

பழைய_ரீல்:
ஷ்மெலிங் கதைய பாதியில நிறுத்திட்டீங்களே மாஸ்டர். 1938ல திரும்ப ஆடுனப்ப 124 செகண்டுல முடிச்சாரே லூயிஸ். ஓட்டையை காட்டுனா அடைச்சுக்குற ஆளு. உசிக் கூட முதல் ஃபைட் தோப்பாரு, ரெண்டாவது ஃபைட் நான் லூயிஸ் மேலதான் காசு வைப்பேன்.

மதுரை_லெஃப்ட்ஹூக்:
மாஸ்டர் செம. 13வது ரவுண்டு விஷயம் எனக்கு சுத்தமா தெரியாது. ஆனா ஒரு டவுட்டு, பழைய வீடியோல எல்லாம் அவங்க நகர்றதே காமெடியா இருக்கே, டக்கு டக்குனு பொம்மை மாதிரி. ரூம்மேட் அதைக் காட்டித்தான் சிரிக்கிறான்.

பழைய_ரீல்:
அது கேமரா கோளாறு தம்பி. பேசாத படக் காலத்துல கையால சுத்தி செகண்டுக்கு 16 ஃப்ரேம் போல எடுப்பாங்க, அதை அப்புறம் 24ல ஓட்டுனா யாரா இருந்தாலும் கோழி மாதிரிதான் ஓடுவாங்க. ஜான்சன், டெம்ப்ஸி ஃபைட்டை வேகத்தை சரி பண்ணி போட்டிருக்குற காப்பியா தேடிப் பாருங்க, ஜான்சன் எதிராளி கையப் பிடிச்சு பிடிச்சு விடுறது அப்பத்தான் கண்ணுக்குத் தெரியும். லூயிஸ் காலத்துக்கு இந்தப் பிரச்சினை கிடையாது, அதெல்லாம் சரியான வேகத்துலதான் இருக்கு, அதைக் காட்டியும் சிரிச்சான்னா ரூம்மேட்டை மாத்துங்க. ஹாரி க்ரெப்னு ஒருத்தரு, பின்னாடி ஹெவிவெயிட் சாம்பியன் ஆன ஜீன் டன்னியை தோக்கடிச்ச ஒரே ஆளு, 300 ஃபைட் கிட்ட ஆடிருக்காரு, பின்னாடி ஒரு கண்ணு தெரியாமலே ஆடுனவரு, அவரு ஃபைட் ஆடுற ஃபிலிம் ஒண்ணு கூட கிடையாது. அவரைப் பத்தி யாரு என்ன அடிச்சு விட்டாலும் மறுக்கவும் முடியாது ஒத்துக்கவும் முடியாது.

கணினி_காளிமுத்து:
இதை கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்த கூத்தை யாரும் சொல்லலையா? 1967ல முர்ரே வொரோனர்னு ஒரு ரேடியோக்காரரு 16 ஹெவிவெயிட் சாம்பியனுங்க விவரத்தை என்.சி.ஆர். 315 கம்ப்யூட்டர்ல ஏத்தி ரேடியோல டோர்னமெண்ட் விட்டாரு. அலி, ஜிம் ஜெஃப்ரீஸ்கிட்ட தோத்ததா வந்துருச்சு, அலி கடுப்பாகி 10 லட்சம் டாலர் கேட்டு கேஸ் போட்டுட்டாரு. அப்புறம் சமாதானமாகி அலியும் ரிட்டையர் ஆன மார்சியானோவும் நிஜமாவே ரிங்ல இறங்கி நடிச்சுக் குடுத்தாங்க, மார்சியானோ இதுக்காக வெயிட் குறைச்சு தலையில டோப்பா வேற மாட்டிக்கிட்டாரு. முடிவு என்னன்னு ஆடுன ரெண்டு பேருக்குமே தெரியாது, எல்லா விதமாவும் எடுத்து வெச்சுக்கிட்டாங்க. 1970 ஜனவரியில தியேட்டர்ல வந்தப்ப மார்சியானோ 13வது ரவுண்டுல நாக்அவுட். கவனிங்க கோச், அங்கயும் 13! அதைப் பாக்க அவரு உயிரோட இல்ல, அஞ்சாறு மாசம் முன்னாடியே ப்ளேன் விபத்துல போயிட்டாரு. இதுல உச்சம் என்னன்னா ஐரோப்பாவுல காட்டுன காப்பியில அலி ஜெயிச்சாரு. நாட்டுக்கு நாடு ரிசல்ட் மாத்துற கம்ப்யூட்டர் அப்பவே இருந்துருக்கு.

வால்டாக்ஸ்_ரோடு:
அலி பேரு வந்ததால ஒரு துணுக்கு. 1980ல அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ் கூட எக்ஸிபிஷன் (சும்மா காட்சிக்கு ஆடுற ஃபைட்) ஆடுனாரு, எம்.ஜி.ஆர். கூட இருக்குற போட்டோ எல்லாம் பாத்திருப்பீங்க. எங்க சித்தப்பா டிக்கெட் வாங்கிட்டு போயி, அடியே விழல ஏமாத்திட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் புலம்புறாரு. எக்ஸிபிஷன்னா என்னன்னு அவருக்கு யாரு சொல்றது.

கிலோ_கணக்கு:
கோச் நீங்க சொன்னதை ஏத்துக்குறேன், ஒண்ணைத் தவிர. 12 ரவுண்டுதான்னு தெரிஞ்சிருந்தா லூயிஸ் அவசரப்பட்டு முன்னாடியே அடிக்கப் போயிருப்பாரு. கானும் அப்படித்தான், 12வது ரவுண்டுல லூயிஸை அடிச்சு தள்ளாட வெச்சதும் நாக்அவுட் ஆசையில 13ல நேருக்கு நேர் நின்னுதான் மாட்டுனாரு. அதனால ரூலை மாத்திட்டு ஸ்கோர்கார்டை மட்டும் அப்படியே எடுக்க முடியாது.
ஃபோர்மேன் பத்தியும் யாராச்சும் சொல்லுங்க, எனக்கே எதிரா போற பாயிண்ட்டுதான். 1974ல கின்ஷாசாவுல அலிகிட்ட தோத்தவரு, 20 வருஷம் கழிச்சு 1994ல அதே ட்ரவுசரைப் போட்டுட்டு வந்து 45 வயசுல, 26 வயசு மூரரை பத்தாவது ரவுண்டுல சாய்ச்சாரு. அதுவரைக்கும் மூரர் எல்லா கார்டுலயும் முன்னாடி. அதுக்கு முன்னாடி 1992ல லாரி ஹோம்ஸ் 42 வயசுல, அதுவரை தோக்காத ஒலிம்பிக் சாம்பியன் ரே மெர்சரை பாயிண்ட்ல ஜெயிச்சாரு. 70கள்ல கத்துக்கிட்ட வித்தை 90கள்ல செல்லுபடி ஆச்சு, அதை மறைக்க முடியாது. ஆனா அவங்க ரெண்டு பேரும் பெரிய உடம்பு. ஃபோர்மேன் 113 கிலோல வந்தாரு. 85 கிலோ ஆளு எவனும் அப்படி திரும்பி வரல.

ராயபுரம்_கோச்:
கான் விஷயம் நியாயமான கேள்வி. ஆனா வால்காட் - மார்சியானோவுக்கு அது பொருந்தாது, மார்சியானோ முதல் மணியில இருந்தே முடிக்கத்தான் பாத்துட்டு இருந்தாரு, முடியல.

ஹெவிவெயிட்டை விட்டு கீழ வாங்க, அங்கதான் ரூம்மேட்டோட ஓட்டப்பந்தயம் மொத்தமா அடிவாங்கும். 66, 70 கிலோல மனுஷன் உடம்பு அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான், 66 கிலோன்னா 66 கிலோ. ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் 1938ல ஃபெதர், லைட், வெல்ட்டர்னு மூணு எடைப் பிரிவுலயும் ஒரே நேரத்துல சாம்பியன், அப்ப மொத்தமே 8 பிரிவுதான், இன்னைக்கு அதை 17, 18ஆ நறுக்கி ஒவ்வொண்ணுக்கும் நாலு பெல்ட் மாட்டி விட்டிருக்காங்க. 1939 அக்டோபர் ஒரே மாசத்துல அவரு வெல்ட்டர் டைட்டிலை 5 தடவை காப்பாத்துனாரு. ரே ராபின்சன் 1943 பிப்ரவரி 5ல தன்னை விட 7 கிலோ கூட இருந்த லாமோட்டாகிட்ட வாழ்க்கையில முதல் தோல்வி, 19ம் தேதி ஜாக்கி வில்சனை ஜெயிச்சாரு, 26ம் தேதி திரும்ப லாமோட்டா, அதுல ஜெயிச்சாரு. மூணு வாரம். இன்னைக்கு பெரிய ஆளு வருஷத்துக்கு ரெண்டு ஃபைட் ஆடுனா அதிகம், நடுவுல மிச்சதெல்லாம் ஸ்பாரிங், அதாவது பயிற்சி சண்டைதான். என் பசங்ககிட்ட நான் பாக்குறது, ஸ்பாரிங்ல கத்துக்குறது ஒண்ணு, கூட்டத்துக்கு முன்னாடி சின்ன க்ளவுஸ்ல எவனோ ஒருத்தன் மூக்கை உடைக்க வரும்போது கத்துக்குறது வேற.

கிலோ_கணக்கு:
ராபின்சன் மாதிரி ஆளுங்க ஆடுன 200 ஃபைட்டுக்கு அவங்க குடுத்த விலைய சொல்லலையே கோச். ராபின்சன் கடைசி காலத்துல மறதி நோய்லதான் போனாரு.

ராயபுரம்_கோச்:
மறுக்கல. என் பசங்க ஒருத்தனையும் அப்படி ஆட விடமாட்டேன். திறமை எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டதுக்குத்தான் பதில் சொன்னேன்.

மதுரை_லெஃப்ட்ஹூக்:
சரி மாஸ்டர், அப்ப ராபின்சனும் நம்ம காலத்து டெரன்ஸ் க்ராஃபோர்டும் 66 கிலோல மோதுனா? க்ராஃபோர்டு 2025 செப்டம்பர்ல ரெண்டு பிரிவு தாண்டி ஏறிப்போயி அங்க சாம்பியனா இருந்த கனேலோவையே ஜெயிச்சிருக்காரு, சாதாரண ஆளு இல்ல.

ராயபுரம்_கோச்:
எந்த வெயிட்-இன்னு கேட்டியா? அதாவது வெயிட் எப்ப பாக்குறாங்கன்றது. ராபின்சன் காலத்துல ஃபைட் நடக்குற அன்னைக்கே வெயிட் பாப்பாங்க, தண்ணிய வத்தவிட்டு வந்தா ராத்திரி ரிங்ல அவனே சாவான். இன்னைக்கு முந்தின நாளே பாத்துடுறாங்க, 66 கிலோ காட்டிட்டு போயி தண்ணியும் சோறும் ஏத்தி மறுநாள் 71, 72ல வந்து நிக்குறாங்க. அந்த ரூல்ல ராபின்சனை கொண்டாந்தா அவரும் ஒரு பிரிவு கீழ இறங்கி 63.5 கிலோல ஆடுவாரு, அங்க அவரு உயரத்துக்கு ஜாப் போட்டே எல்லாரையும் முடிச்சிருவாரு. அன்னைக்கே வெயிட், 15 ரவுண்டுன்னு வெச்சா ராபின்சன் பாயிண்ட்ல, அதுவும் நெருக்கமா. முந்தின நாள் வெயிட், 12 ரவுண்டுன்னா க்ராஃபோர்டு ஜெயிச்சாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன், அவரும் சவுத்பாவுக்கு மாறுவாரு, எதிராளிய மூணு நாலு ரவுண்டு படிச்சுட்டுத்தான் அடிக்கவே ஆரம்பிப்பாரு.

பழைய_ரீல்:
12 ரவுண்டுன்னதும் இதையும் சேத்துக்கோங்க. 1952 ஜூன், யாங்கி ஸ்டேடியம், ராபின்சன் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மாக்ஸிம் கூட ஆடுனாரு. 40 டிகிரி சூடு, பத்து ரவுண்டுக்கு அப்புறம் ரெஃப்ரியே மயங்கி, வேற ரெஃப்ரிய இறக்குனாங்க. ராபின்சன் எல்லா கார்டுலயும் முன்னாடி இருந்துட்டு, 13 ரவுண்டு முடிஞ்சு 14க்கு ஸ்டூல்ல இருந்து எழுந்திரிக்க முடியல. 12 ரவுண்டு ரூல் மட்டும் அன்னைக்கு இருந்திருந்தா அவருக்கு மூணாவது பிரிவு பெல்ட்டும் வந்திருக்கும். ஆக புது ரூல் லூயிஸையும் மார்சியானோவையும் கவுக்குது, ராபின்சனை தூக்கி விடுது.

தூத்துக்குடி_தம்பி:
ப்ரைம் டைசனுக்கு யாரும் பதில் சொல்லல.

ராயபுரம்_கோச்:
சொல்றேன் தம்பி. டைசனே பழைய ஃபிலிம் பாத்து வளந்தவரு, அவரோட மேனேஜர் ஜிம் ஜேக்கப்ஸ் சேத்து வெச்சிருந்த ரீலை எல்லாம் ராப்பகலா போட்டுப் பாத்தவரு, டெம்ப்ஸி மாதிரி முடி வெட்டிக்கிட்டு சாக்ஸ் கூட இல்லாம வந்தவரு. 5 அடி 10 இஞ்ச் ஆளு பெரிய ஆளுங்களை எப்படி அடிக்கிறதுன்றதுக்கு அவருதான் சாட்சி, அதே ஆளை ஒரு நீளமான ஜாப் எப்படி நிறுத்தும்ன்றதுக்கு 1990 டோக்கியோவுல பஸ்டர் டக்ளஸ் சாட்சி. ரெண்டையும் பாத்துட்டு வா, மார்சியானோ - ஃபியூரிக்கு நீயே ஸ்கோர் போடு.

தூத்துக்குடி_தம்பி:
டக்ளஸ் ஃபைட்ல எட்டாவது ரவுண்டுல டக்ளஸ் விழுந்தப்ப ரெஃப்ரி எண்ணுன கவுண்ட்டு ஸ்லோ மாஸ்டர். அதுக்கு தனி த்ரெட் போடுறேன், எல்லாரும் அங்க வாங்க.